மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருக்கும்போது ஓய்ந்துவிடாமல் இருக்க: 14 மாதம் அப்படி இருந்தவன் எழுதுவது

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், க்வாலிட்டி பிரிவில், 11 வருடம் வேலை பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு, உங்கள் உற்பத்தி லைனையே எடுத்துவிடுகிறோம், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம் என்றார்கள். அப்போது எனக்கு வயது 42. அடுத்த வேலையில் போய் உட்கார 14 மாதம் ஆனது. அந்த 14 மாதத்தில் தப்பாகச் செய்தவை நிறைய, சரியாகச் செய்தவை கொஞ்சம். இரண்டையும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது அதே இடத்தில் இருக்கிற பழைய நண்பர்கள் போன் பண்ணிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி அண்ணே சமாளிச்சீங்க?"

கம்பெனி பஸ் பெருங்களத்தூரில் எங்கள் தெருமுனைக்குக் காலை 6:10க்கு வரும். வேலை போன முதல் வாரம் முழுக்க 4:50க்கே தானாக விழிப்பு வந்துவிடும், குளித்து முடித்து மொட்டை மாடியில் நின்று அந்த பஸ் நின்று கிளம்புவதைப் பார்ப்பேன். இரண்டாவது மாதத்தில் எழுவது 8:30 ஆனது. மூன்றாவது மாதத்தில் பதினோரு மணிக்குக் குளியல், அதுவரை கட்டிலில் போன், வேலை தேடும் நௌக்ரி தளத்தைத் திறப்பது, மூடுவது, மறுபடி திறப்பது. நாலாவது மாதம் ஒரு நாள் மகள் பள்ளிக்குக் கிளம்பாமல் இருப்பதைப் பார்த்து ஏன் லீவு என்று கேட்டேன். "அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சம்பளம் போனது முதல் நாளே தெரிந்த விஷயம், கிழமையும் நேரமும் கையை விட்டுப் போனது அதுவரை தெரியவே இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று பின்னால் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது படித்தேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு மில் ஊர். 1930 வாக்கில் அந்த மில் மூடப்பட, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்கள் குழுவாகப் போய் அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். நாள் முழுக்க நேரம் இருக்கிறதே, நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கிறவர்களைக் கடிகாரம் வைத்துக் கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள், பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். பெண்களுக்கும் மில் வேலை போயிருந்தது, ஆனால் சமையல், துணி, பிள்ளைகள் என்று வீட்டு வேலை நிற்கவில்லை, அதனால் அவர்கள் நாளுக்கு ஒரு வரிசை இருந்தது. இதைப் படித்தபோது மொட்டை மாடியில் நின்ற என்னையே யாரோ குறித்து வைத்த மாதிரி இருந்தது.

அதனால் நான் சொல்வது, மனதைச் சரி செய்யக் கிளம்பாதீர்கள், முதலில் நாளைச் சரி செய்யுங்கள். "பாசிட்டிவா இரு" என்று சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு பாசிட்டிவாக யோசிக்க யாராலும் முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

காகிதங்களும் பணமும் முதலில்

இதை முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், ஏனென்றால் இது தொங்கிக்கொண்டே இருந்தால் மற்ற எதிலும் மனம் நிற்காது.

"ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டுக்கு நல்லது" என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நீங்களாக விலகியதாகிவிட்டால் ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்க வழி அடைபட்டுப் போகலாம். தொழிற்சங்கமோ, தெரிந்த வக்கீலோ, தொழிலாளர் துறை அலுவலகமோ, யாரிடமாவது கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று, இவை எல்லாவற்றையும் கம்பெனி மெயில் முடங்குவதற்குள் உங்கள் சொந்த மெயிலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, முடித்த வருடங்களால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் தொகை. இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நான் போட்டுப் பார்த்ததற்கும் அவர்கள் முதலில் கொடுத்த தாளுக்கும் ஒரு வருட வித்தியாசம் இருந்தது, கேட்ட பிறகு திருத்திக் கொடுத்தார்கள்.

பிஎஃப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். புதிதாகப் பணம் போடாவிட்டாலும் உள்ளே இருப்பதற்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் வரி வரும். பென்ஷன் பகுதிக்கோ, மாதப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருடக் கணக்கு முக்கியம், ஒன்பது வருடம் முடித்தவர் அதை முழுக்க எடுத்துவிட்டால் பிற்பாடு வருத்தப்படுவார். எடுக்கும் அளவு பற்றிய விதிகள் அண்மையில் மாறியிருக்கின்றன, அதனால் இரண்டு வருடம் முன்பு நண்பர் எடுத்ததை வைத்து முடிவு செய்யாமல் பிஎஃப் தளத்தில் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: உங்கள் யுஏஎன் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று. பழைய கம்பெனி போடவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து நீங்களே உள்ளே போய்ப் பதிவு செய்யலாம். இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறலாம், மாறும் வேலையை வேலை முடிவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு முயலலாம். இஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்கள் கிளை அலுவலகத்தில் போய் வேலையிழப்பு நிவாரணம் பற்றிக் கேளுங்கள். அடல் பெயரில் உள்ள திட்டத்தில் 90 நாள் வரை சராசரி தினக் கூலியில் பாதி கிடைக்கும். வாழ்நாளில் ஒரு முறைதான், ஆனால் தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் எங்கள் லைனிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள்.

அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பற்றியும் கேட்பீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400, பத்தாம் வகுப்புக்கு 300. பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குக் கிடையாது. பெரிய தொகை இல்லை, ஆனால் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்து உயிரோடு வைத்திருங்கள், வேறு பலவற்றுக்கும் அது தேவைப்படும்.

அப்புறம் வீட்டுக் கணக்கு. ஒரு தாளில் கையில் இருக்கும் பணம், மாதாமாதம் தவிர்க்க முடியாத செலவு, இந்த இரண்டை மட்டும் எழுதி வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் ஓடும் என்று தெரியும். எங்களுக்கு ஒன்பது என்று வந்தது. அது தெரிகிற வரைக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன், தெரிந்த பிறகு தூக்கம் கொஞ்சம் வந்தது. இஎம்ஐ கட்ட முடியாது என்று தோன்றினால், பவுன்ஸ் ஆவதற்கு முன்னால் வங்கிக் கிளைக்கு நேரில் போய்ப் பேசுங்கள், பவுன்ஸ் ஆன பிறகு போனால் பேச்சின் தொனியே மாறிவிடும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது மாதம் 3.5 சதவீதமோ அதற்கு மேலுமோ வட்டி இழுக்கலாம், அதற்கு நகைக்கடன் எவ்வளவோ மேல். உடனடிக் கடன் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள்.

நாளுக்கு ஒரு வரிசை

ஞாயிற்றுக்கிழமை விஷயம் நடந்த மறுநாளே நான் செய்த ஒரே மாற்றம், ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்பது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகக் கிளை நூலகம். பையில் லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணீர், ஒரு நீளமான கணக்கு நோட்டு. முதல் நாள் என் மனைவி டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. நாலு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அது மறுபடி நிரம்பியிருந்தது.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைவிட நல்ல இடம் கிடையாது. 2010இல் திறந்தது, உங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளால் அது காலையிலேயே நிறைந்துவிடும். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். எழும்பூரில் கன்னிமாரா. இவை தூரம் என்றால் உங்கள் பகுதிக் கிளை நூலகம் போதும். நம்மைச் சுற்றி நாலு பேர் தலை குனிந்து ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் நமக்கும் கை ஓடும். டீக்கடை வேண்டாம், அங்கே உட்கார்ந்தால் உலகத்தில் எங்கெங்கே ஆள் எடுப்பதில்லை என்ற செய்திதான் காதில் விழும்.

என் நாள் இப்படி இருந்தது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை விண்ணப்பங்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை போன் பேச்சு, நூலகத்து வேப்பமரத்தடியில் நின்று. சாப்பாடு. இரண்டிலிருந்து நாலு வரை ஏதாவது ஒன்று கற்பது. நாலரைக்கு மகளை அழைத்து வருவது, அதற்குப் பிறகு நௌக்ரி, லிங்க்ட்இன் எதையும் திறக்கக்கூடாது. கடைசி விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ராத்திரி பதினோரு மணிக்கு லிங்க்ட்இன்னில் பழைய ஜூனியர் மேனேஜர் ஆனதைப் பார்த்தால் அடுத்த நாள் காலையும் சேர்ந்து கெட்டுப்போகும். வேலை தேடுவது ஒரு நாளைக்கு நாலு மணி நேர வேலை, அதற்கு மேல் செய்தால் தரம் விழுகிறது, நோட்டில் எழுதிப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது.

உடம்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரம் நடங்கள், ஷேவ் பண்ணுங்கள், வெளியே போகிற சட்டையைப் போடுங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் இந்த மாதங்களில் அதை நிறுத்தி வையுங்கள், பகலில் வேலை இல்லாதவனுக்கு டாஸ்மாக் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது போனவர்களுக்குத் தெரியும்.

வீட்டு வேலையில் இரண்டு மூன்றை முழுக்க உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். உதவி செய்வது வேறு, பொறுப்பு வேறு. நான் ரேஷனும், மகளின் கணக்குப் பாடமும், ராத்திரிப் பாத்திரமும் எடுத்துக்கொண்டேன். அவள் அரையாண்டில் கணக்கில் 61 வாங்கியிருந்தாள், முழுஆண்டில் 84. அந்த வருடம் நான் கண்ணால் பார்த்த ஒரே முன்னேற்றம் அதுதான், அந்த மதிப்பெண் பட்டியலை இன்னமும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

நோட்டு

க்வாலிட்டிக்காரன் என்பதால் எனக்குப் பதிவு எழுதுவது பழக்கம். நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, கம்பெனி, யார் மூலம், என்ன பதில், அடுத்து எப்போது கேட்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன். 140 விண்ணப்பம், நாலு அழைப்பு. முதலில் மனம் ஒடிந்தது. அப்புறம் தொழிற்சாலையில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வோமோ அதையே செய்தேன், ஏன் என்று ஐந்து முறை கேட்பது. அந்த நாலு அழைப்பும் எதிலிருந்து வந்தன? நாலுமே, விளம்பரத்தைப் படித்து ரெஸ்யூமின் முதல் ஆறு வரியை மாற்றி எழுதி அனுப்பியவை. மீதி 136இல் பெரும்பாலானவை ஒரே ரெஸ்யூமை ஒரே பட்டனில் தட்டியவை. விளம்பரத்தில் "ஐஏடிஎஃப் 16949 இன்டர்னல் ஆடிட்டர்" (வாகனத் துறைத் தர விதிகளின்படி கம்பெனிக்குள்ளேயே ஆடிட் செய்கிறவர்) என்று கேட்டிருக்கிறார்கள், என்னிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் அது ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தில் கடைசி வரியில் கிடக்கிறது. ரெஸ்யூமைப் பார்க்கிறவர் அது வரைக்கும் வந்திருக்கவே மாட்டார்.

அதற்குப் பிறகு வாரத்துக்குப் பத்து விண்ணப்பம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரமாவது. அடுத்த மூன்று மாதத்தில் 120 அனுப்பினேன், 13 அழைப்பு வந்தது. வேலை கிடைக்கவில்லை, ஆனால் போன் அடித்தது. போன் அடிப்பது எவ்வளவு பெரிய மருந்து என்பது இந்த நிலைமையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் நோட்டு சொல்லிக் கொடுத்தது. வாரக் கணக்கை முடிவை வைத்துப் போடாதீர்கள், செய்ததை வைத்துப் போடுங்கள். பத்து விண்ணப்பம், ஐந்து போன், ஒரு நேர் சந்திப்பு. இந்த மூன்றும் முடிந்தால் அந்த வாரம் முடிந்தது, சனி ஞாயிறு குற்ற உணர்ச்சி இல்லாமல் இருக்கலாம். வேலை கொடுப்பது அவர்கள் கையில், பத்து விண்ணப்பம் நம் கையில். நௌக்ரியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ப்ரொஃபைலில் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள், ஆள் தேடுகிறவர்கள் அண்மையில் உள்ளே வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது உண்டு. தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையத்திலும் பதிந்து வையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிறிய தனியார் வேலை முகாம்களுக்கு ஒன்றிரண்டு முறையாவது போங்கள், அனுபவம் குறைவான இளைஞர்களுக்கு அங்கே நிஜமாகவே கிடைக்கிறது, என் வயதுக்காரர்களுக்குக் குறைவு. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அதே அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, பயிற்சி இலவசம்.

கற்பதைப் பொறுத்தவரை, முடிவுத் தேதி உள்ளதையே எடுங்கள். யூடியூபில் 40 வீடியோ சேமித்து வைத்து ஒன்றும் பார்க்காமல் விட்டவன் நான். என்பிடெல் வகுப்புகள் எனக்குக் கை கொடுத்தன. ஐஐடி ஆசிரியர்கள் நடத்துவது, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய் கட்டி மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் இருக்கும், அதற்குக் கெடு இருக்கும். எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு யாரோ ஒருவர் கெடு வைத்தது அதுதான்.

ஆட்களும் சொல்ல வேண்டியதும்

"ஏங்க, மெயில் ஏதாச்சும் வந்துச்சா?" என்று என் மனைவி சாயங்காலம் கேட்பார். அக்கறையில்தான் கேட்கிறார், ஆனால் தினமும் "இல்லை" என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் கத்திவிட்டேன். அன்று ராத்திரி உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தோம்: வேலை பற்றிய பேச்சு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மட்டும். அப்போது நோட்டைத் திறந்து வைத்து, எத்தனை அனுப்பினேன், யார் என்ன சொன்னார்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்வேன். மற்ற ஆறு நாளும் அவர் கேட்கமாட்டார், நல்ல செய்தி வந்தால் நானே சொல்வேன். எங்கள் வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது இந்த ஒரு ஏற்பாட்டால்தான். பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், சொல்லாமல் விட்டால் உண்மையைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு பயப்படும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் நான் முதல் ஆறு மாதம் செய்தது முழுத் தப்பு. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. "இப்ப எங்க இருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து பழைய கம்பெனி பெயரையே இரண்டு இடத்தில் சொன்னேன். பிறகு ஒரு வரியைத் தயார் செய்து மனப்பாடமாக வைத்துக்கொண்டேன்: "எங்க லைனை மூடிட்டாங்க மாமா, இப்ப தேடிட்டு இருக்கேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் க்வாலிட்டில ஆள் எடுக்கிற மாதிரி யாராவது தெரிஞ்சா சொல்லுங்க." ஊர், துறை இரண்டும் அதில் இருக்க வேண்டும். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றால் கேட்கிறவருக்கு யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். இப்படிக் குறிப்பாகச் சொன்னதும் பாதிப் பேர் பரிதாபப்படுவதை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்கள்.

நெருங்கிய நண்பர்களைவிட, வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிற ஆட்களிடம் அதிகம் கேளுங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதியது இது: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அடிக்கடி பார்க்கிற ஆள் மூலம் கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான், மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம். காரணம் எளிது, நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஏழு வருடம் முன்பு ஒரு ஆடிட்டில் இரண்டு நாள் கூட இருந்த ஒருவர், நான் அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்குப் பதிலாக "இப்ப எங்க சார்?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

இடையில் சின்ன வேலை வந்தால் எடுங்கள். ஒன்பதாவது மாதம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 12 பேர் வேலை செய்கிற ஒரு சின்ன லேத் பட்டறைக்கு ஆடிட்டுக்கான ஆவணங்களைத் தயார் செய்து கொடுத்தேன், எட்டு நாள், 6,000 ரூபாய். அந்தப் பணத்தில் மகளுக்கு ஷூ வாங்கினேன். பணத்தைவிட, அந்த முதலாளி "சார், இது எப்படி எழுதணும்?" என்று கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. ரெஸ்யூமில் அந்தக் காலம் "சிறு தொழில் நிறுவனங்களுக்கு ஆடிட் தயாரிப்பு ஆலோசனை" என்று உண்மையாகவே எழுத முடிந்தது.

எச்சரிக்கையும் வேண்டும், நீண்ட நாள் வேலை இல்லாதவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இருக்கிறது. வேலைக்காக முன்பணம், டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டால் அது வேலை இல்லை. டெலிகிராமில் லைக் போட்டால் பணம் என்பது முதல் இரண்டு நாள் 200, 300 கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் உங்களிடமிருந்து வாங்கும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் மியான்மரில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டு 2022இல் மீட்கப்பட்டது நினைவிருக்கும். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் கேட்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள், மணிக்கணக்கு முக்கியம்.

ரொம்ப மோசமான நாட்கள்

வரும். எனக்குப் பத்தாவது மாதம் வந்தது. மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, சம்பளம் பேசி முடித்து, "ஆஃபர் அடுத்த வாரம்" என்று சொன்ன இடத்தில் அந்தப் பதவியையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான்கு நாள் நூலகம் போகவில்லை. இப்படிப்பட்ட நாளில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள், வீட்டை விற்கலாமா, ஊருக்கே போய்விடலாமா என்பதெல்லாம் அடுத்த ஞாயிறு மாலைக்குத் தள்ளி வையுங்கள். அன்றைய வேலையை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு போன், அல்லது மகளின் ஒரே ஒரு கணக்கு.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்ற மாதிரி எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, அதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு 1986லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இருக்கிறது, எண் 044 24640050. அந்த நான்கு நாளில் மூன்றாவது நாள் நான் 104க்கு அழைத்தேன். பேசியவர் தீர்வு எதுவும் சொல்லவில்லை, இருபது நிமிடம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார், போனேன், ஆறு வாரம் மருந்து எடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நேர்காணலில் அந்தக் கேள்வி

"ஒரு வருஷத்துக்கு மேல கேப் இருக்கே?" இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். ஒரு வாக்கியத்தில் காரணம், லைன் மூடப்பட்டது, அவ்வளவுதான். பழைய கம்பெனியைத் திட்ட வேண்டாம். அப்புறம் செய்தவை: படித்த வகுப்பு, செய்த சின்ன வேலை. அதோடு பேச்சை அந்தக் கம்பெனியின் பிரச்சினைக்குத் திருப்பிவிடுங்கள், "உங்க பிளான்ட்ல கஸ்டமர் ரிட்டர்ன் எதுல அதிகம் சார்?" என்று கேட்டால் அவர்களே அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று இருபது முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், சத்தமாகச் சொல்லும்போதுதான் குரல் எங்கே தடுமாறுகிறது என்று தெரியும்.

சம்பளம் கேட்டால், பழைய சம்பளத்துக்குக் கீழே எவ்வளவு வரை இறங்கலாம் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி ஒரு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 18 சதவீதம் குறைத்து ஒப்புக்கொண்டேன். எட்டாவது மாதத்தில் 40 சதவீதம் குறைவாக வந்த ஒன்றை வேண்டாம் என்றேன், அதற்காக நிறையப் பேர் திட்டினார்கள். ஒன்பது மாதக் கணக்கை மனைவியின் சம்பளம் நீட்டிக் கொடுத்ததால்தான் அந்த "வேண்டாம்" என்னால் சொல்ல முடிந்தது. உங்கள் கணக்கு வேறாக இருந்தால் உங்கள் பதிலும் வேறாக இருக்கட்டும், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டே தேடுவதில் ஒரு தப்பும் இல்லை.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகும், சேரும் தேதி வரை அந்த வாரப் பத்து விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள். பத்தாவது மாதம் பட்ட அடிக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன். கடைசி விண்ணப்பம் நோட்டில் 391ஆவது வரி, சேர்வதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அனுப்பியது. திங்கட்கிழமை புதுக் கம்பெனியில் பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்கவிடாதீர்கள், பழைய பிஎஃப் பணத்தை அதிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலேயே கேட்டுச் செய்துவிடுங்கள்.